திருச்சபை ஆண்டை வைத்து வீட்டுச் சமையலைத் திட்டமிடுவது: முதல் முறை செய்கிறவர்களுக்கான முழு வழிகாட்டி

கிறிஸ்துமஸ் அன்று அடுப்படியை விட்டு நகர முடியாமல், ஆராதனையைத் தவறவிட்டு, கடைசியில் சாப்பாட்டு மேசையில் தூங்கி வழிந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சில வருடங்கள் நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். அவர்களில் பாதிப் பேர் என்னைவிட நன்றாகச் சமைப்பவர்கள். இடறியது வேலையின் வரிசையில். நோன்பும் விருந்தும் மாறி மாறி வருகிற ஒரு வருடத்தை எந்த வரிசையில் எடுத்துச் செய்தால் சமையலும் ஜெபமும் ஒன்றையொன்று விழுங்காமல் இருக்கும் என்பதைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை: ஒரு காலண்டர், ஒரு தடித்த நோட்டு, சமையலறைத் தராசு, உணவின் உள்ளே குத்திப் பார்க்கும் வெப்பமானி. கடைசிப் பொருள் பலரிடம் இருக்காது. ஒரு முறை வாங்கிவிட்டால் ரொட்டிக்கும் இறைச்சிக்கும் ஊகம் தேவைப்படாது.

1. முதலில் தேதி, அப்புறம்தான் சமையல் குறிப்பு

பெரும்பாலானோர் சமையல் குறிப்பைத் தேடுவதிலிருந்து தொடங்குகிறார்கள். அதைத் தள்ளி வையுங்கள். கிறிஸ்துமஸ் டிசம்பர் 25-இல் நிற்கும், ஆனால் ஈஸ்டர் ஒவ்வொரு வருடமும் நகரும். மேற்கத்தியக் கணக்கில் மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு அது. மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எங்கும் விழலாம்.

2027-இல் ஈஸ்டர் மார்ச் 28. அதிலிருந்து 46 நாள் பின்னால் போனால், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன், அதாவது பிப்ரவரி 10. முன்னால் எண்ணினால் ஐம்பதாவது நாள், பரிசுத்த ஆவி இறங்கியதை நினைவுகூரும் பெந்தெகொஸ்தே, மே 16. 2028-இல் இதே மூன்றும் ஏப்ரல் 16, மார்ச் 1, ஜூன் 4. திருவருகைக் காலம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறில் தொடங்கும். 2026-இல் அது நவம்பர் 29.

கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகள் பெரும்பாலும் பழைய ஜூலியன் காலண்டர் கணக்கில் ஈஸ்டரைக் குறிப்பதால் 2027-இல் அவர்களுக்கு மே 2. 2028-இல் இரு தரப்பும் ஒரே நாளில் கொண்டாடும். வீட்டில் இரண்டு மரபு கலந்திருந்தால் இரண்டையும் வேறு வேறு நிறத்தில் எழுதுங்கள்.

இங்கே நடக்கும் தவறு, போன வருடத் தாளை அப்படியே எடுத்துக்கொள்வது. இயேசுவின் பிறப்பை மரியாளுக்குத் தேவதூதர் அறிவித்த திருநாள் எப்போதும் மார்ச் 25 என்று எழுதி வைத்திருப்பீர்கள். 2027-இல் அது ஈஸ்டருக்கு முந்தைய வியாழனான பெரிய வியாழனில் விழுவதால் கத்தோலிக்கக் காலண்டரில் ஏப்ரல் 5-க்குப் போகிறது. இனிப்புச் செய்து வைத்துக்கொண்டு பெரிய வியாழனில் விழிக்க வேண்டாம்.

இன்னொன்று: திருச்சபையின் காலமும் வானிலையின் காலமும் ஒன்றல்ல. பூமியின் வடபாதியில் ஈஸ்டர் வசந்தத்தில் வரும், தென்பாதியில் இலையுதிர் காலத்தில். எங்கோ எழுதிய பட்டியலில் உள்ள காய்களைத் தேடி அலையாதீர்கள். நாள் திருச்சபையுடையது, காய்கறி உங்கள் மண்ணுடையது.

2. உங்கள் வீட்டு நோன்பு எது என்று எழுத்தில் முடிவு செய்யுங்கள்

'தவக்காலச் சமையல்' என்று ஒரே சமையல் கிடையாது. இது தெரியாமல் மளிகை வாங்கிவிட்டு, பாதியில் வீட்டில் வாக்குவாதம் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

கத்தோலிக்கச் சட்டப்படி சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாட்கள். முழுச் சாப்பாடு ஒன்று, மற்ற இரண்டு வேளையும் சேர்த்தாலும் ஒரு முழுச் சாப்பாட்டுக்குக் குறைவாக. இது 18 வயது நிறைந்தவர்களுக்கும் 60-ஆவது வயதுக்குள் நுழையாதவர்களுக்கும். இறைச்சி தவிர்க்கும் சுத்த போசனம் 14 வயது நிறைந்தவர்களிலிருந்து தொடங்கும். மீன், முட்டை, பால் இதில் தடையில்லை.

ஆர்த்தடாக்ஸ் பெருநோன்பு இதைவிட இறுக்கம். இறைச்சி, மீன், முட்டை, பால் பொருட்கள் எல்லாம் விலக்கு. பல நாட்களில் எண்ணெயும். பெரும்பாலான புராட்டஸ்டன்ட் சபைகள் சட்டமாக எதையும் வைப்பதில்லை. அவரவர் தீர்மானம்தான்.

ஆகவே குளிர்பதனப் பெட்டியின் கதவில் மூன்று வரி ஒட்டுங்கள்: எந்த நாட்கள், எதை விடுகிறோம், ஞாயிறன்று தளர்த்துகிறோமா. மூன்றாவது வரியில்தான் சண்டையே வரும். மேற்கத்திய மரபில் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய நாள் வரை உள்ள 46 நாட்களில் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40 வரும். ஞாயிறு நோன்பில் சேராது என்பது அதன் பொருள். சிலர் ஞாயிறிலும் தொடர விரும்புவார்கள். இரண்டும் சரி, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். சாப்பிடுகிறவரும் சாப்பிடாதவரும் ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்க வேண்டாம் என்று ரோமர் 14-ஆம் அதிகாரம் சொல்வதை மேசையில் நினைவில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

3. நோன்பு இருக்கக் கூடாதவர்களின் பட்டியல்

இதைத் தனியாக எழுதக் காரணம், நோன்பு தொடங்கிய பிறகு யாரும் 'எனக்கு முடியாது' என்று சொல்லத் தயங்குவார்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறு பிள்ளைகள், நோயாளிகள், உடலுழைப்பு அதிகமுள்ளவர்கள் வேளை தவறாமல் சாப்பிடட்டும். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வேளையைத் தவிர்த்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மருத்துவரைக் கேட்காமல் ஒருசந்தி வேண்டாம். அவர்களுக்கு இனிப்பை விடுவது, தொலைக்காட்சியை விடுவது என்று வேறு ஏதாவது இருக்கிறது.

4. திருவருகைக் காலம்: மெதுவாக ஆகிறதை முதலில்

கிறிஸ்துமஸ் வேலையில் நேரம் குடிப்பது பழ கேக். அதனால் அதுதான் முதல். மதுவில் ஊறவைத்துச் செய்வதானால் திருவருகைக் காலத்துக்கு முந்தைய ஞாயிறு சுட்டுவிடுங்கள். நாலைந்து வாரம் இருந்தால்தான் பழத்தின் ஈரம் கேக்குக்குள் பரவி, வெட்டும்போது உதிராமல் வரும். 20 செ.மீ. வட்ட டின்னில் 150 டிகிரி செல்சியஸில் 3 முதல் 4 மணி நேரம் ஆகும். சூட்டைக் கூட்டி நேரத்தைக் குறைக்கப் பார்த்தால் ஓரம் கருகி நடு வேகாமல் நிற்கும். டின்னின் உள்ளே இரண்டு அடுக்கு காகிதம் போடச் சொல்வதும் இதற்காகத்தான்.

பழம் அடியில் போய்ப் படிகிறது என்று எல்லோரும் மாவில் புரட்டிப் போடுகிறார்கள். அதில் பெரிய பலன் இல்லை. பழத்தைத் தாங்குவது மாவின் கெட்டித்தனம். கரண்டியில் எடுத்தால் வழியாமல் கட்டியாக விழ வேண்டும்.

மது சேர்க்காதவர்கள் கவனிக்க வேண்டிய பெரிய தவறு ஒன்று உண்டு. மதுவுக்குப் பதில் ஆரஞ்சுச் சாற்றில் ஊற வைத்து, அதே போல வாரக்கணக்கில் வெளியே வைத்துவிடுகிறார்கள். சாறு புளிக்கும், பூசணம் பிடிக்கும். சாற்றில் ஊற வைத்தால் ஒரு நாள், அதுவும் குளிர்பதனப் பெட்டியில். கேக்கைக் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னதாகச் சுடுங்கள், அல்லது முன்பே சுட்டு நன்றாகச் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள்.

மற்றவை எல்லாம் எளிது. பிஸ்கட் மாவை டிசம்பர் தொடக்கத்தில் உருட்டி உறைய வைக்கலாம். டிசம்பர் 24-க்கு ஒரு கனமான சூப்பை முந்தைய நாளே செய்யுங்கள். நள்ளிரவு ஆராதனை முடிந்து வருகிறவர்களுக்குச் சூடாக்கினால் போதும்.

எல்லாப் பலகாரத்தையும் 25-ஆம் தேதியிலேயே பரப்பாதீர்கள். கிறிஸ்துமஸ் என்பது ஜனவரி 6 வரை நீளும் காலம். நாலு வகை செய்ய ஆசையென்றால் நாலு நாளைக்குப் பிரியுங்கள். பிள்ளைகளுக்கும் இரண்டாம் நாளிலேயே பண்டிகை தீர்ந்துவிட்ட ஏக்கம் வராது.

5. தவக்காலத்துக்கு முந்தைய வாரம்: அலமாரியைக் காலி செய்வது

விடப்போகிற பொருள் வீட்டில் இருந்தால் இரண்டாம் வாரம் கை அதைத் தேடும். அதனால் முந்தைய பத்து நாளில் இறைச்சி, முட்டை, வெண்ணெய், இனிப்பு எது உங்கள் பட்டியலில் இருக்கிறதோ அதைத் தீர்த்துவிடுங்கள். மெல்லிய மாவுத் தோசை வகைகளும் எண்ணெயில் பொரித்த இனிப்புகளும் பல நாடுகளில் இந்த நாட்களுக்கென்றே இருப்பது இதனால்தான்.

தீராததை உறைய வைக்கலாம். வெண்ணெய் நன்றாக உறையும். முட்டையை ஓட்டோடு உறைய வைக்காதீர்கள், வெடிக்கும். உடைத்து அடித்து டப்பாவில் வையுங்கள். ஒவ்வொரு டப்பாவிலும் எத்தனை முட்டை என்று எழுதி ஒட்டினால் ஈஸ்டர் ரொட்டிக்கு அப்படியே எடுக்கலாம்.

6. நாற்பது நாள் சமையல்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நாற்பது புதிய சமையல் குறிப்பைச் சேர்த்து வைப்பார்கள். பத்தாம் நாள் களைத்துவிடுவார்கள். என் யோசனை: ஆறு சாப்பாடு போதும், அதையே சுற்றிச் சுற்றி. பருப்பு சூப், கொண்டைக்கடலைக் குழம்பு, ராஜ்மா, காய்கறியும் உருளைக்கிழங்கும், காளான், தானியக் கஞ்சி என்று வைத்துக்கொள்ளலாம். 'இன்று என்ன?' என்ற கேள்வி மறைந்தாலே மனசுக்குப் பெரிய ஓய்வு. நோன்பில் அதுவும் ஒரு பங்கு என்றே நான் நினைக்கிறேன்.

பயறு வகைகளில் தடுமாறுகிறவர்கள் அதிகம். சனிக்கிழமை இரவு ஒரு கிலோ ஊற வையுங்கள், 8 முதல் 12 மணி நேரம். ஞாயிறன்று ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேக வைத்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து உறைய வைத்துவிட்டால் வார நாட்களில் அரை மணி நேரத்தில் சாப்பாடு தயார். பருப்புகளுக்கு ஊறல் கட்டாயமில்லை.

பயறு வேகவே மாட்டேன் என்கிறதா? தக்காளியையோ புளிப்பான எதையுமோ முதலிலேயே போட்டிருப்பீர்கள். புளிப்பு, பயறின் தோலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வெந்த பிறகு சேருங்கள். உப்பு அப்படிச் செய்யாது. ஊறும் தண்ணீரிலேயே போடலாம், சுவை உள்ளே இறங்கும்.

ராஜ்மாவில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அரைவேக்காடாகச் சாப்பிட்டால் அதிலுள்ள லெக்டின் நச்சு கடுமையான வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் தரும். குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேக வைக்கும் மின்பானையில் ஊறிய ராஜ்மாவை நேராகப் போடக் கூடாது. முதலில் அடுப்பில் 30 நிமிடம் நன்றாகத் தளதளவென்று கொதிக்க விடுங்கள், அப்புறம் எதில் வேண்டுமானாலும் மாற்றலாம்.

இறைச்சி இல்லாமல் சுவை மொட்டையாக இருக்கிறது என்பது அடுத்த புகார். வெங்காயத்தை 25 நிமிடம் பொறுமையாகச் சிவக்க வதக்குங்கள். காளானைத் தண்ணீர் முழுக்க வற்றும்வரை விடுங்கள். இறக்கும்போது எலுமிச்சை பிழியுங்கள். எலுமிச்சைக்கு இன்னொரு வேலையும் உண்டு: பயறில் உள்ள இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும்.

சட்டப்படி சரி, மனசாட்சிக்கு உறுத்தல் என்றொரு ரகம் இருக்கிறது. இறைச்சி கூடாது என்பதற்காக வெள்ளிக்கிழமை தோறும் விலை உயர்ந்த இறால் விருந்து. தவறென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எளிய சாப்பாட்டில் மிச்சமாகும் பணம் பசித்தவருக்குப் போக வேண்டும் என்பதுதான் ஏசாயா 58-இன் நோன்பு. இறாலில் மிச்சம் எங்கே? ஒரு ஜாடி வையுங்கள். அன்றன்று மிச்சமானதை அன்றே போடுங்கள். 'கடைசியில் கணக்குப் பார்க்கலாம்' என்று விட்டால் கடைசியில் கணக்கே இருக்காது.

7. பரிசுத்த வாரம், நாள் வாரியாக

இந்த வாரத்தில் ஆராதனைகள் அடுத்தடுத்து வருவதால் சமையல் நேரம் சுருங்கும். அதனால் ஈஸ்டரிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டமிட வேண்டும்.

திங்கள், செவ்வாய்: வாங்குவது முழுக்க முடியட்டும். முட்டையை இப்போதே வாங்குங்கள். ஒரு வாரம் பழகிய முட்டைதான் வேக வைத்தபின் ஓடு சுலபமாக உரியும். புத்தம் புது முட்டையில் வெள்ளைக்கருவும் சேர்ந்து பிய்ந்து வரும்.

புதன்: உறைந்த இறைச்சியை ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். இரண்டு, இரண்டரை கிலோ துண்டுக்கு ஒரு முழு நாள் பிடிக்கும், பெரியதற்கு இன்னும் அதிகம். ஒரு வருடம் நான் இதை மறந்து சனிக்கிழமை இரவு எடுத்தேன். ஞாயிறு மதியம் வெளியே வெந்து, எலும்பை ஒட்டிப் பனிக்கட்டியாக இருந்தது. விருந்தாளிகள் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பெரிய வியாழன்: இரவுச் சாப்பாட்டுக்குப் புளிக்காத ரொட்டி செய்யும் வீடுகள் உண்டு. 250 கிராம் மாவு, 130 மில்லி தண்ணீர், 2 மேசைக்கரண்டி எண்ணெய், கொஞ்சம் உப்பு. பிசைந்து 15 நிமிடம் மூடி வைத்தால் மாவு தளர்ந்து, தேய்க்கும்போது சுருங்காது. மெல்லிசாகத் தேய்த்து முள்கரண்டியால் குத்தி, வெறும் கல்லில் சுடுங்கள். இது குடும்பச் சாப்பாடு, நற்கருணை ஆலயத்தில்தான். பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுவது நல்லது.

பெரிய வெள்ளி: அடுப்பை ஒரே ஒரு முறை பற்ற வையுங்கள். உறைய வைத்த பருப்பு சூப்பைச் சூடாக்கினால் போதும். இன்று ஈஸ்டர் வேலையைத் தொடங்கும் ஆசை வரும், ஏனென்றால் விடுமுறை. வேண்டாம். பலகார வாசனை வீட்டில் வந்துவிட்டால் அந்த நாளின் அமைதி போய்விடும், பிள்ளைகளின் நோன்பும் போய்விடும்.

சனி: இதுதான் உழைப்பு நாள். காலையில் முட்டை. கொதிக்கும் தண்ணீரில் இறக்கி 11 நிமிடம், உடனே பனிக்கட்டித் தண்ணீர். வெங்காயத்தோலைக் கொதிக்க வைத்து வடித்து, லிட்டருக்கு 2 மேசைக்கரண்டி வினிகர் சேர்த்தால் செம்பழுப்பு நிறம் பிடிக்கும். வினிகர் இல்லாவிட்டால் ஓட்டில் நிறம் திட்டுத் திட்டாகும். சாப்பிடப்போகும் முட்டை மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. ஒளித்து வைத்துத் தேடும் விளையாட்டுக்குத் தனி முட்டைகள் வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பகலில் ரொட்டி மாவு. 500 கிராம் மாவு, 7 கிராம் உடனடி ஈஸ்ட், 80 கிராம் சர்க்கரை, 8 கிராம் உப்பு, 2 முட்டை, 180 மில்லி வெதுவெதுப்பான பால், 80 கிராம் மென்மையான வெண்ணெய். வெண்ணெயைத் தவிர மற்றதை முதலில் பத்து நிமிடம் பிசையுங்கள். மாவு இழுபட்டு நார் பிடித்த பிறகுதான் வெண்ணெய், கொஞ்சம் கொஞ்சமாக. முதலிலேயே போட்டால் கொழுப்பு மாவைப் பூசிக்கொண்டு நார் பிடிக்க விடாது. ரொட்டி கேக் போல உதிரும்.

சர்க்கரையும் கொழுப்பும் ஈஸ்ட்டை மந்தமாக்கும். அதனால் சாதா ரொட்டியைவிட மெதுவாகத்தான் உப்பும். பயந்துபோய் பாலை இன்னும் சூடாக்காதீர்கள். 40 டிகிரி போதும், 60-ஐத் தொட்டால் ஈஸ்ட் செத்துவிடும். இரட்டிப்பானதும் மூன்று திரியாக்கிப் பின்னி, எண்ணெய் தடவிய காகிதத்தால் மூடி, குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு இரவு ஆராதனைக்குப் போகலாம். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு தந்திரத்தை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். குளிரில் மாவு தூங்குகிற நேரத்தில் நீங்கள் ஜெபத்தில் இருக்கலாம்.

8. ஈஸ்டர் காலை

எழுந்ததும் ரொட்டியை வெளியே எடுத்து வையுங்கள். குளிர்ந்த மாவு மறுபடி உப்ப ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு ஓவனில் தள்ளினால் பக்கவாட்டில் வெடிக்கும். விரலால் மெல்ல அழுத்தினால் பள்ளம் மெதுவாகத் திரும்பி வர வேண்டும், அதுதான் பதம். 180 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். மேலே பொன்னிறம் ஆனது ஆதாரமல்ல, சர்க்கரையால் சீக்கிரமே சிவந்துவிடும். நடுவில் வெப்பமானி 88 முதல் 90 காட்டட்டும்.

சாப்பாட்டிலும் வரிசை உண்டு. நாற்பது நாள் எளிதாகச் சாப்பிட்ட வயிற்றில் காலையிலேயே கொழுப்பு இறைச்சியை இறக்கினால் மதியம் படுக்கைதான். காலையில் ரொட்டி, முட்டை, பழம். இறைச்சி மதியத்துக்கு. ஆட்டிறைச்சி முழுத் துண்டுக்கு உள் வெப்பம் 63 டிகிரி, கோழிக்கு 74. வெட்டுமுன் கால் மணி நேரம் சும்மா வையுங்கள். உடனே வெட்டினால் சாறு பலகையில் ஓடிவிடும். மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் சிறு டப்பாக்களில் உள்ளே வைத்து, மூன்று நான்கு நாளில் தீருங்கள்.

மேசை ஜெபத்தை முன்பே ஒருவருக்கு ஒப்படையுங்கள், சுருக்கமாக இருக்கட்டும் என்றும் சொல்லுங்கள். சமைத்தவருக்கு அந்தப் பொறுப்பு வேண்டாம். லூக்கா 10-இல் மார்த்தாள் பற்பல வேலைகளில் வருத்தமடைந்தது போல நீங்களும் அந்த நேரத்தில் குழம்பு ஆறுவதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

9. பெந்தெகொஸ்தே வரையும் அதற்குப் பிறகும்

ஈஸ்டர் காலம் ஐம்பது நாள். ஞாயிறுக்கு ஒரு இனிப்பு என்று வைத்தால் போதும். அதற்குப் பிறகு வரும் நீண்ட பொதுக்காலத்தை விசேஷங்களால் நிரப்பப் பார்க்காதீர்கள், சலித்துவிடும். வெள்ளிக்கிழமை எளிய சாப்பாடு, ஞாயிறன்று எல்லோரும் ஒரே மேசையில், பிள்ளைகளின் ஞானஸ்நான நாளில் ஒரு கேக். எனக்கு இந்த மூன்றுக்கு மேல் ஒருபோதும் ஓடியதில்லை.

10. பண்டிகைக்கு மறுநாள் பத்து நிமிடம்

ஈஸ்டர் திங்களன்றும் டிசம்பர் 26 அன்றும் நோட்டை எடுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எது தீர்ந்தது, எது மிஞ்சியது, எந்த வேலை எத்தனை மணிக்குத் தொடங்கியது. ஒரு வாரம் கழித்து எழுதினால் 'நன்றாக இருந்தது' என்று மட்டும்தான் நினைவிருக்கும். அடுத்த வருடம் அதற்கு உபயோகமில்லை. என் நோட்டின் ஒரு பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: 'ரொட்டி இரண்டு போதவில்லை. மூன்று. இறைச்சியைப் புதன்கிழமை எடு!'